பாலைநில வீட்டின் குளிர்ச்சிக் கணக்கு

தமிழ் இலக்கணத்தார் வகுத்த பாலை நிலையானதொரு நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் இயல்பு கெட்டு வறண்டு நிற்கும் நிலைமைக்கே அவர்கள் அப்பெயரை இட்டார்கள். மழை பெய்தால் பாலை மறுபடியும் முல்லையாகிவிடும். ஆதலால், எயினரைத் தவிர, அங்கே வீடு கட்டி விளக்கேற்றி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி நம் புலவர்கள் அதிகம் பேசவில்லை. பொருள் தேடப் புறப்பட்டவன் கடந்துபோக வேண்டிய வழியாகவே அதனைப் பெரும்பாலும் பாடினார்கள். எந்தப் பருவத்திலும் பாலையாகவே இருக்கின்ற ஒரு பிரதேசத்தில் பதினாறு லட்சம் பேர் நிரந்தரமாகக் குடியிருந்து, கோடைகாலம் முழுவதும் கதவுகளையும் சன்னல்களையும் இறுகச் சாத்திக்கொண்டு, யந்திரத்தின் துணையால் வேறொரு பருவத்தைத் தம் வீட்டுக்குள் உண்டாக்கிக்கொண்டு வாழ்வதென்றால், அந்த வாழ்க்கைக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யார் என்று விசாரிப்பது பயனற்ற ஆராய்ச்சியாகாது.

ஊரும் உஷ்ணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா மாகாணத்தின் தலைநகராகிய பீனிக்ஸ், சொனோராப் பாலைவனத்தின் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்திருக்கிறது. 1990-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அங்கே வெப்பம் 50 டிகிரி செல்ஸியஸைத் தொட்டது. 2023-ம் ஆண்டில், ஜூன் மாதக் கடைசி நாள் தொடங்கி ஜூலை 30 வரை, 31 நாட்கள் இடைவிடாமல் பகல் வெப்பம் 43 டிகிரிக்கு மேலேயே நின்றது. பகலின் கொடுமை பாலைவனத்துக்குப் புதிதன்று; புதியது இரவின் கொடுமை. அதே ஜூலையில் ஓர் இரவு முழுவதும் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, சூரியன் மறைந்த சில நாழிகைகளிலேயே தரை தன் சூட்டை ஆகாயத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதே பாலைவனத்தின் ஆதி தர்மம். தாரும் கான்கிரீட்டும் பரந்து மூடிய நகரமோ பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்து, விடியற்காலையில் பாதியைக்கூடத் திருப்பித் தந்தபாடில்லை.

இந்த ஊர் யந்திரக் குளிர்ச்சிக்கு முன்பும் இருந்தது. கனத்த மண்சுவர் வீடுகள் பகல் சூட்டைச் சுவருக்குள்ளேயே தேக்கி, அது உட்புறத்தை எட்டுவதற்குள் இரவு வந்துவிடும்படி காலத்தை நீட்டிக்கொடுத்தன. இரவில் குடும்பத்தினர் அனைவரும் கம்பிவலை அடைத்த தாழ்வாரங்களில் கட்டில் போட்டு, படுக்கை விரிப்பை நீரில் நனைத்துப் போர்த்திக்கொண்டு உறங்கினார்கள். 1930-களில், மரச்சீவல் நிரப்பிய தட்டிகளின்மேல் நீரைச் சொட்டவிட்டு, விசிறியால் அதனூடே காற்றை இழுக்கும் நீராவிக் குளிர்விப்பான் அங்கே பரவிற்று. நம் நாட்டுப் பெரிய வீடுகளில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்ததும், இன்று வட இந்தியாவின் வறண்ட ஊர்களில் ஏர் கூலர் ஓடுவதும் இதே தத்துவத்தின்படிதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு யூனிட் அளவுள்ள வெப்பத்தைக் காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. விசிறிக்கும் சிறிய பம்புக்கும் ஆகும் மின்சாரமோ சொற்பம். யந்திரக் குளிர்ச்சிக்கு வேண்டியதில் சுமார் நான்கிலொரு பங்கு மின்சாரத்தில் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் சொனோராப் பாலைவனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜூன் மாதத்தில் எலும்பைப் போல உலர்ந்திருக்கும் காற்று, ஜூலையில் தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றினால் ஈரங்கொள்கிறது; ஈரம் நிறைந்த காற்றில் நீர் ஆவியாக மறுக்கவே, குளிர்விப்பான் வெதுவெதுப்பான புழுக்கத்தை வீட்டுக்குள் ஊதுவதோடு நின்றுவிடுகிறது. மலிவான உபாயம் மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் கைவிட்டதால், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, வாயுவை அழுத்தியும் விரித்தும் வெப்பத்தை வெளியேற்றும் யந்திரம் வீடுதோறும் இடம்பெற்றது. 1950-ல் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த பீனிக்ஸின் ஜனத்தொகை 1960-ல் நான்கு லட்சத்தைத் தாண்டிற்று. குளிர்யந்திரம் வந்ததால் ஊர் வளர்ந்ததா, ஊர் வளர்ந்ததால் யந்திரம் வந்ததா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் விவாதிக்கலாம். யந்திரம் வந்த பிறகு கட்டப்பட்ட வீடுகள் யந்திரமில்லாமல் வாழத் தகுதியற்றவையாகக் கட்டப்பட்டன என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மண்சுவர் போயிற்று, மரச்சட்டத்தின்மேல் மெல்லிய பூச்சுச் சுவர் வந்தது, தாழ்வாரம் போயிற்று, மேற்கு வெயிலை நேரே வரவேற்கும் அகன்ற கண்ணாடிச் சன்னல் வந்தது.

யந்திரத்தின் தொழில்

குளிர்யந்திரம் குளிர்ச்சியை உற்பத்தி செய்கிறது என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். சாஸ்திரப்படி அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வாரியெடுத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதைப் போன்றதே இவ்வேலை: இறைக்க வேண்டிய நீரின் அளவு ஒன்று, கிணற்றின் ஆழம் மற்றொன்று; இவ்விரண்டும் சேர்ந்தே உழைப்பை நிர்ணயிக்கின்றன. கடைக்காரர் ‘ஒன்றரை டன்’, ‘இரண்டு டன்’ என்று சொல்வதும் இந்த இறைப்பின் அளவையே. பனிக்கட்டி வியாபாரம் செழித்திருந்த காலத்தில், ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அதனை ஓர் அலகாகக் கொண்டார்கள்; அது சுமார் மூன்றரைக் கிலோவாட்டுக்குச் சமம். பீனிக்ஸின் நடுத்தர வீடொன்றுக்கு நான்கு டன் யந்திரம் என்பது சாதாரணம். அதாவது, உச்சி வெயிலில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் நான்கு டன் பனிக்கட்டியை அவ்வீட்டில் வைத்து உருக்கியதற்குச் சமமான வேலை.

பாலைவனத்தில் இச்செலவு ஏன் எதிர்பார்ப்பை மீறி ஏறுகிறது என்பதற்குக் கிணற்று உவமையே விடை தருகிறது. உள்ளே 25 டிகிரியும் வெளியே 35 டிகிரியுமாக இருந்தால் வித்தியாசம் 10. வெளியே 45 ஆனால் வித்தியாசம் 20. வித்தியாசம் இரட்டித்ததால் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் உள்ளே கசியும் வெப்பம் இரட்டிக்கிறது. அதே சமயத்தில், ஒவ்வொரு பங்கு வெப்பத்தையும் முன்னிலும் இருமடங்கு உயரத்துக்கு ஏற்றிக் கொட்ட வேண்டியிருப்பதால், பூரணமான ஒரு யந்திரத்துக்குக்கூடப் பங்கு ஒன்றுக்கு ஆகும் உழைப்பும் இரட்டிக்கிறது. ஆக, பத்து டிகிரி கூடியதால் உழைப்பு நான்கு மடங்காயிற்று. நடைமுறை யந்திரங்கள் இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே கட்டுப்படுபவையல்ல. வெயிலின் நேரடித் தாக்குதலும் வீட்டு மனிதர்களின் உடற்சூடும் தனிக் கணக்காகச் சேர்கின்றன. எனினும், வெப்பமானி ஏறும் வேகத்தைவிடக் கட்டணம் ஏறும் வேகம் அதிகமாக இருப்பதன் மூலகாரணம் இதுதான். உள்ளே 24 டிகிரி வேண்டும் என்பவர் 27 டிகிரிக்கு இசைந்தால், வெளியே 45 டிகிரி எரியும் நாளில், இந்தச் சூத்திரத்தின்படி உழைப்பில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகிறது.

இனி, எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நான்கு டன் யந்திரம் மணிக்கு நான்கு யூனிட் மின்சாரம் உண்ணும் என்றும், கோடையில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் என்றும் வைத்துக்கொண்டால், நாளுக்கு 48 யூனிட். மாதத்துக்கு 1,440 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்று சராசரியாக விலை போட்டால், குளிர்ச்சிக்கு மாத்திரம் 216 டாலர். ஜூலையில் யந்திரம் 16 மணி நேரம் ஓடினால் 288 டாலர். விளக்கு, அடுப்பு, துணி துவைக்கும் யந்திரம் முதலியவை இதற்கு வெளியே. வசதியுள்ள குடும்பத்துக்கு இத்தொகை ஒரு முணுமுணுப்பு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கோ இது மருந்துக்கும் மின்சாரத்துக்கும் இடையே நிகழும் மாதாந்தரப் போராட்டம்.

கட்டணத்தின் நுட்பம்

யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்திருந்தால் விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மின்சாரம் பத்தாயத்தில் கொட்டி வைக்கக்கூடிய நெல்லன்று; மின்கலங்களில் சேமிப்பது பெருகி வந்தாலும், இன்னும் பெரும்பாலும் வேண்டிய நிமிஷத்திலேயே உற்பத்தியாக வேண்டிய பண்டமாகவே அது இருக்கிறது. கோடை மாலையில் சூரியன் சாய, சூரிய மின்தகடுகள் தரும் சக்தி குன்றுகின்ற அதே நேரத்தில், பகலெல்லாம் வெந்த கூரைகள் வெப்பத்தை உள்ளே இறக்க, வேலையிலிருந்து திரும்பியவர்கள் ஒரே சமயத்தில் யந்திரத்தை முடுக்குகிறார்கள். ஆண்டில் சில நூறு மணி நேரமே நீடிக்கும் இந்த உச்சத் தேவைக்காக நிலையங்களையும் கம்பிகளையும் ஆண்டு முழுவதும் பராமரிக்க வேண்டியிருப்பதால், அந்நேரத்துக்கு அதிக விலை வைப்பது நியாயம் என்று மின் நிறுவனங்கள் வாதிக்கின்றன. பீனிக்ஸுக்கு மின்சாரம் தரும் இரு பெரும் நிறுவனங்களுள் ஒன்றாகிய அரிசோனா பப்ளிக் சர்வீஸ், வார நாட்களில் மாலை 4 முதல் 7 மணி வரையுள்ள நேரத்தை இவ்வாறு உச்சவேளையாகக் கொண்டிருக்கிறது. சில திட்டங்களில் இதற்கு மேலும் ஒரு படி போய், மாதத்தின் எல்லா உச்சவேளைகளிலும் எந்த ஒரு மணி நேரத்தில் வாடிக்கையாளர் மிகுதியாக மின்சாரம் இழுத்தாரோ அந்த மணியை வைத்தே தனிக் கட்டணம் விதிக்கப்படுகிறது. இருபத்தொன்பது நாள் விரதம் காத்து, முப்பதாம் நாள் விருந்தாளி வந்தார் என்று அடுப்பையும் யந்திரத்தையும் சேர்த்து ஓட்டியவர் மாதம் முழுவதற்கும் அபராதம் செலுத்தினாற்போலாகிறது.

இந்த விதிகளுக்கு இணங்கி வாழ்வதற்கு ஒரு சாமர்த்தியமும் பிறந்திருக்கிறது. உச்சவேளைக்கு முன்பே வீட்டை மிகையாகக் குளிரவைத்து, சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் அந்தக் குளிர்ச்சியைத் தேக்கி, 4 மணிக்கு யந்திரத்தை அடக்கிவிட்டு, 7 மணி வரை சேமிப்பில் காலந்தள்ளுவதே அது. சுவர் கனமாகவும் கூரை நன்கு காப்பிடப்பட்டும் உள்ள வீட்டுக்கு இது கைகண்ட மருந்து. தகரச் சுவர் கொண்ட பழைய நகரும் வீட்டில் வசிப்பவருக்கோ தேக்கி வைக்கப் பாத்திரமே இல்லை; யந்திரத்தை நிறுத்திய சிறிது நேரத்திலேயே உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே கட்டண விதி, நல்ல வீட்டுக்காரருக்குச் சலுகையாகவும், மோசமான வீட்டுக்காரருக்குத் தண்டனையாகவும் அமைந்துவிடுகிற விசித்திரத்தை இங்கே காண்கிறோம்.

தள்ளிவைத்த கணக்கு

யந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்று கண்டோம். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி, அதன் செலவைப் பற்றி மனிதர்கள் செய்துவரும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் அதே வகையைச் சேர்ந்தவை என்பதே. முதலில், அண்டை வீட்டார். ஒவ்வொரு யந்திரமும் உள்ளிருந்து வாரிய வெப்பத்தையும், தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. 2014-ல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, பீனிக்ஸின் சில பகுதிகளில் இரவு வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் இக்கழிவு வெப்பம் உயர்த்துகிறது என்று கணித்தது. அந்த உயர்வு மறுபடியும் எல்லோருடைய யந்திரங்களுக்கும் வேலை கூட்டுகிறது. யந்திரமே இல்லாதவன் பிறருடைய வெப்பத்தையும் தன் தலையில் தாங்குகிறான்.

இரண்டாவது, காலம். 2018-ம் ஆண்டு செப்டம்பரில், பீனிக்ஸை அடுத்த ஓய்வுபெற்றோர் குடியிருப்பு ஒன்றில், 72 வயது மூதாட்டி ஒருவர் 176 டாலர் பாக்கியில் 125 டாலரைச் செலுத்தியும், எஞ்சிய 51 டாலருக்காக, 40 டிகிரிக்கு மேல் வெயில் எரிந்த நாளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே உயிர் நீத்தார். மேலே நாம் போட்ட கணக்கின்படி, 51 டாலர் என்பது ஏழு நாள் குளிர்ச்சியின் விலை. இச்செய்தி மறு ஆண்டு வெளியாகி எழுந்த கண்டனத்தின் விளைவாக, மாகாணக் கட்டுப்பாட்டு ஆணையம், ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை நிலுவைக்காக வீடுகளின் மின்சாரத்தை நிறுத்தலாகாது என்று தடை விதித்தது. உயிர் காக்கும் ஆணை அது. அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் தடை நிறுத்தியது துண்டிப்பையேயன்றிக் கடனையன்று. ஜூலையில் கட்ட முடியாத பணம் அக்டோபரில் ஒரே மூட்டையாக வாசலில் வந்து இறங்குகிறது. மத்திய சர்க்கார் 1981 முதல் நடத்திவரும் எரிசக்தி உதவித் திட்டமோ, வடபுலக் குளிர்காலத்து வீடுகளைச் சூடாக்கும் கவலையில் பிறந்ததாகையால், வெயிலூர் ஏழைகளை நெடுங்காலம் இரண்டாம் பந்தியிலேயே உட்கார வைத்திருந்தது.

2023-ல் பீனிக்ஸ் அடங்கிய மரிக்கோபா மாவட்டத்தில் வெப்பத்தால் நேர்ந்தவையென்று அதிகாரிகள் உறுதிசெய்த மரணங்கள் 645. அவற்றுள் பல, வீடற்றோர் தெருவில் மாண்டவை. வீட்டுக்குள் மாண்டவர்களைப் பொறுத்தவரையில், அவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் யந்திரம் இல்லாமலில்லை, இருந்தும் ஓடவில்லை என்பதே விசாரணையில் தெரியவந்தது. பழுதுபட்டுக் கிடந்தது, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. யந்திரத்தை வாங்குவது ஒரு செலவு, ஓட்டுவது மற்றொரு செலவு, பழுதுபார்ப்பது மூன்றாவது செலவு என்பதை அந்த விசாரணைக் குறிப்புகளைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

குவைத்தின் வழி

செலவைக் குடும்பத்தின் தலையிலிருந்து ராஜாங்கத்தின் தலைக்கு மாற்றினால் என்ன என்று கேட்கலாம். அந்தப் பரீட்சையைக் குவைத் பல தலைமுறைகளாக நடத்திப் பார்த்துவிட்டது. 2016-ம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டு மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவாயிற்று. பீனிக்ஸைவிடக் கொடிய வெயில். ஆனால் அங்கே 1966 முதல் குடிமக்களின் வீடுகளுக்கு யூனிட் விலை 2 பில்ஸ். பீனிக்ஸ் விலையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. உற்பத்திச் செலவு இதைப்போலப் பல மடங்காகையால், மிகுதியை எண்ணெய்ப் பணம் ஈடுகட்டுகிறது. மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டிய அவசியமில்லாத இடத்தில், சுவருக்குக் காப்பிடவோ, ஆளில்லாத அறையில் யந்திரத்தை அணைக்கவோ தூண்டுதல் எங்கிருந்து வரும்? 1983-லேயே கட்டடங்களுக்கு எரிசக்தி விதி வகுத்த நாடு அது. விதி ஒரு பக்கம் இழுக்க, விலை மறுபக்கம் இழுத்தது. 2016-ல் இயற்றிய சட்டம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கட்டணத்தை 5 பில்ஸாக உயர்த்தியபோது, குடிமக்களின் சொந்த வீடுகளைத் தொடவில்லை; மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வசிப்பவர்கள், தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டுத் தொழிலாளரே. 2024 ஜூனில், தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல், எண்ணெய் வளம் மிக்க அந்நாடு பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. விலையாகக் கேட்கப்படாத செலவு, இருட்டாக வந்து கணக்குத் தீர்த்துக்கொண்டது.

பீனிக்ஸுக்கு அத்தகைய இருட்டு வந்தால் விளைவு என்னவாகும் என்பதையும் ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். வெப்ப அலையின்போது நகரம் முழுவதும் மின்சாரம் நின்று, சில நாட்களில் படிப்படியாக மீண்டால், ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், அதாவது ஊரில் பாதிப்பேர், அவசர சிகிச்சை நாட வேண்டியிருக்கும் என்பது 2023-ல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

சுவரும் கூரையும்

இதுவரை கண்ட ஏற்பாடுகள் யாவும் வெப்பம் வீட்டுக்குள் புகுந்த பிறகு அதை என்ன செய்வது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பவை பற்றியவை. புகாமல் தடுக்கப்பட்ட வெப்பம் ஒன்றுக்கே எந்தக் கணக்கிலும் செலவு எழுத வேண்டியதில்லை. மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் நிழல் கட்டுவது, கூரைக்கு வெள்ளை பூசுவது, பரணில் காப்புப் பொருள் நிரப்புவது இவையெல்லாம் அலங்காரமற்ற வேலைகள். ஆயினும் பலன் உடனே மீட்டரில் தெரிகிறது. குறிப்பாகப் பீனிக்ஸ் வீடுகளில் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கூரையடிப் பரணின் வழியே ஓடுகின்றன. கோடைப் பிற்பகலில் அந்தப் பரண் 60 டிகிரியை எட்டும். பணம் கொடுத்துக் குளிரவைத்த காற்றை ஊரிலேயே மிகவும் சூடான இடத்தின் வழியாக அனுப்புவதோடு, சாதாரண வீட்டின் குழாய்களில் ஓடும் காற்றில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கசிந்தே போய்விடுகிறது என்று அமெரிக்க அரசாங்கத்தின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தார் சொல்லுகிறார்கள். ஓட்டைக் குடத்துக்கு ஏற்றம் பெரிதாக வேண்டும் என்று ஆலோசனை சொல்பவரை யாரும் புத்திசாலி என்று மெச்சமாட்டார்; ஆனால் கசியும் குழாயுள்ள வீட்டுக்கு இன்னும் ஒரு டன் பெரிய யந்திரம் சிபாரிசு செய்யப்படுவது அன்றாட நிகழ்ச்சி.

இவ்வளவு எளிய பரிகாரம் ஏன் நடைபெறுவதில்லை என்றால், கூரைக்கு உடையவர் ஒருவர், கட்டணம் கட்டுபவர் மற்றொருவர். வீட்டுச் சொந்தக்காரர் மலிவான யந்திரத்தைப் பூட்டிக் காப்பில்லாத கூரையின்கீழ் வாடகைக்கு விடுகிறார். அந்தச் சிக்கனத்தின் விலையை ஒவ்வொரு ஜூலையிலும் குடியிருப்பவர் செலுத்துகிறார். பீனிக்ஸ் நகரச் சட்டம், வாடகை வீட்டிலுள்ள குளிர்யந்திரம் அறையை ஏறக்குறைய 28 டிகிரிக்கு இறக்கும் திறனுடையதாக இருக்க வேண்டும் என்றும், நீராவிக் குளிர்விப்பானாயின் 30 டிகிரி போதும் என்றும் விதிக்கிறது. திறன் இருக்கிறதா என்று சட்டம் கேட்கிறது. அத்திறனைப் பயன்படுத்த மாதம் எத்தனை டாலர் ஆகும் என்று கேட்பதில்லை.

கேட்பதற்கு வழி இல்லாமலில்லை. வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், அறைகளின் எண்ணிக்கையோடும் சதுர அடியோடும், அவ்வீட்டின் சென்ற ஜூலை மாத மின்சார யூனிட்டையும் எழுதித் தர வேண்டும் என்று ஒரு சிறு விதி செய்தால் போதும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்று 1,400 என்றும் மற்றொன்று 2,600 என்றும் சீட்டில் எழுதியிருக்கக் கண்டவர், மேற்குச் சன்னலுக்கு நிழல் கட்டுவது யாருடைய பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே பேசி முடித்துக்கொள்வார்.